திமில் இல்லாத மாட்டின் பால்

வேலை பார்த்த பஞ்சாலையை மூடிய பிறகு என் கணவர் போத்தனூர் வரை சைக்கிளில் போய் வேலை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. துடியலூருக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் சோளம் வராது, மாட்டுத் தீனிக்கான தட்டு மட்டும் மிஞ்சும். அந்தத் தட்டை நம்பி, என் தையல் மெஷினை விற்று, சினையாக இருந்த ஒரு ஜெர்சிக் கலப்புக் கிடாரியை வாங்கினேன்.

அடுத்த தோட்டம் என் கணவரின் பெரியப்பாவுடையது. எனக்கு மாமா முறை. அவரிடம் மூன்று காங்கேயம் பசுக்களும் இரண்டு ஜோடி காளைகளும் இருந்தன. கிடாரியைப் பார்க்க வந்தவர், திமிலும் இல்லை, கொம்பும் இல்லை, இதைப் போய் மாடு என்று பிடித்து வந்திருக்கிறீர்களே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது கன்று போட்டதும் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. இரண்டு வேளையும் சேர்த்துப் பத்து லிட்டருக்குக் குறையவில்லை. மாமாவின் பசுக்கள் கன்று முட்டினால்தான் பால் விடும். இது, மடியைக் கழுவித் தடவினாலே விடும். உடம்பு சிறிது, தீனி குறைவு. பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் பால் சொசைட்டியில் நல்ல விலை வைத்தார்கள். கறந்துகொண்டே அடுத்த சினையும் பிடித்தது. வெயிலில் மட்டும் அதற்கு மூச்சு வாங்கும். சித்திரையில் நனைத்த சாக்கை முதுகில் போட்டு வைப்பேன். இதையெல்லாம் மாமாவிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்வார், பேச்சை மாற்றுவார். ஆனால் தினமும் சாயங்காலம் அவருடைய மருமகள் பால் வாங்கப் போசிப் பாத்திரத்தோடு எங்கள் மாட்டுக் கட்டுத்தறிக்கு வருவாள். அவர்கள் வீட்டுக் காப்பிக்கு அவர்கள் பசுக்களின் பால் போதவில்லை.

மாடு வந்த நான்காம் வருடம் மாரியம்மன் கோவில் நோம்பிக்கு, அபிஷேகத்துக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் பால் கேட்டிருந்தார்கள். குளித்து, ஈரத்தலையோடு கறந்த பாலைப் பித்தளைக் குடத்தில் கொண்டுபோனேன். கோவில் காரியங்களுக்கு மாமாதான் முன்னால் நிற்பவர். குடத்தை வாங்கப் போன பூசாரியைக் கையமர்த்தினார்.

“தப்பா நெனைக்காதீங்க அம்மணி. ஜெர்சிப் பால் சாமிக்கு ஆகாதுங்க. ஊட்டுக்கே கொண்டுபோயிருங்க.”

சுற்றி ஊரே நின்றது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மரியாதையாகச் சொன்ன அந்த ‘ங்க’தான் என்னைச் சுட்டது. குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் அங்கேயே ஓரமாக நின்றேன். போய்விடலாம் என்று கணவர் கண்ணால் சொன்னார். நான் நகரவில்லை.

அபிஷேகம் பாதியில் இருக்கும்போதே பால் தீர்ந்துவிட்டது. நாட்டு மாடு வைத்திருந்த வீடுகளே ஊரில் ஐந்தாறுதான். மாமா ஒருவரை மொபெட்டில் துடியலூருக்கு அனுப்பினார். அவர் ஒரு பை நிறையப் பாக்கெட் பால் வாங்கி வந்தார். பூசாரி அதைக் கத்தரித்து அண்டாவில் ஊற்ற ஆரம்பித்தார். நான் குடத்தோடு முன்னால் போனேன்.

“ஏனுங்க மாமா, அது எந்த மாட்டுப் பாலுங்க?” என்றேன்.

“அது கடைப் பாலுங்க அம்மணி.”

“கடை பால் கறக்குதுங்களா? நம்ம சொசைட்டியில நாங்க ஊத்துற பாலுதானுங்க, வேன்ல டவுனுக்குப் போயி பாக்கெட்டுல வருது. போன எடத்துல அதுக்குத் திமில் மொளைச்சுப்போச்சுங்களா?”

மாமா என்னைப் பார்க்காமல், நடக்கட்டும் என்று பூசாரியிடம் சொன்னார். பாக்கெட் பால் அம்மன் தலையில் வழிந்தது. என் குடத்துப் பாலை வீட்டுக்குக் கொண்டுவந்து கன்றுக்கு ஊற்றினேன்.

பெரியவர்களிடம் அப்படிப் பேசலாமா என்று கணவர் வரும் வழியெல்லாம் முணுமுணுத்திருந்தார். “இத்தன வருசமா நமக்குச் சோறு போட்டது பெரியவங்களா, அந்த மாடா?” என்று கேட்டேன்.

அன்று சாயங்காலமும் மருமகள் போசியோடு வந்தாள். இடுப்பில் குழந்தை. அவளைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாளையிலிருந்து குழந்தைக்கு மட்டும் அரைப்படி தருவேன், காப்பிக்கு வேண்டுமானால் மாமாவே வந்து கேட்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. அந்த வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் பால் இல்லாத வரக்காப்பி குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

இரண்டு மாதத்தில் அவரே பொள்ளாச்சிப் பக்கம் போய் ஒரு ஜெர்சியைப் பிடித்து வந்தார். அதோடு விட்டாரா? டீக்கடையில் உட்கார்ந்து, கன்று இல்லாமலே பால் விடுகிறது, தீனி கம்மி, கொழுப்பு நன்றாக வருகிறது, விவசாயிக்கு இதைவிட நல்ல மாடு கிடையாது என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். நான் அவரிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவர் சொன்னபோது ஊர் தலையாட்டியது. கோவிலில் நடந்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் ஆத்திரமூட்டியது.

அடுத்த நோம்பிக்கு யார் வீட்டுப் பாலையும் என்ன மாடு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். போன வருடம் நடந்ததைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா மட்டும் முதல் நாளே வீட்டு வாசல் வரை வந்து, பால் கொண்டுவரச் சொன்னார்.

“எங்க பால் சொசைட்டிக்கே பத்தறதில்லீங்க மாமா,” என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தட்டு அரியப் போனேன்.