மாத்திரை டப்பாவில் சிவப்பு டேப்

என் தாய்மாமாவைத் தெருவே ஃபியூஸ் மாமா என்றுதான் கூப்பிடும். ஆயுள் முழுக்க வயரிங் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவருடைய பிடிவாதமெல்லாம் அக்கா மகளான என்னிடம்தான் செல்லுபடியாகும். இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை, உயிருள்ளவரை. அதோடு முட்டிவலி வேறு. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாத ஒரு கறுப்புப் பொடியைக் கொடுத்துத் தொலைக்க, நான் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

"மூலிகைதான் வேணும்னா முறையா படிச்சவங்ககிட்ட போலாம். மாத்திரையோட சேருமான்னு கேட்டுட்டு அப்புறம் சாப்பிடுங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார். கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை.

அடுத்த வாரம் அப்படிப் படித்த ஒருவரிடம் கூட்டிப்போக வந்தபோது அலமாரியைப் பார்த்தேன். மாத்திரை டப்பாவின் மூடிமேல் சிவப்பு டேப். மறக்காமலிருக்க அடையாளம் வைத்திருக்கிறார், மனுஷன் திருந்திவிட்டார் என்று மனம் குளிர்ந்துபோனது. படியிறங்கும்போது வலது செருப்பை இழுத்து இழுத்து நடந்தார்.

"காலைத் தூக்கி வைங்க மாமா, தரை தேயுது."

"முட்டி என் பேச்சைக் கேக்கணுமே."

மூலிகை மருத்துவர் நிதானமான பெண்மணி. முட்டியைத் தொடுவதற்கு முன்பே, "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன இல்லை? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரு டாக்டர். மறக்கக் கூடாதுன்னு டப்பாவுல சிவப்பு டேப்கூட ஒட்டி வெச்சிருக்காரு."

மாமா என்னைப் பாவமாகப் பார்த்தார். "மெயினை ஆஃப் பண்ணிட்டு, யாரும் தொடக் கூடாதுன்னுதான்மா நாங்க சிவப்பு டேப் ஒட்டுவோம். புது லைன் இழுக்கும்போது பழசுல கரன்ட் ஓடலாமா? சேருமோ சேராதோன்னு நீதானே பயந்தே. அன்னைக்கே நிறுத்திட்டேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஐயா, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க."

நீட்டினார். இடது கை அப்படியே நின்றது. வலது கை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. மருத்துவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய எழுந்தார்.

மாமா கண்ணைத் திறந்து, இடது கையால் வலது கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மறுபடி விழுந்தது.

"இதுக்குக் கரன்ட் வரலியே" என்றார். நாக்கு குழறியது. கிண்டல் செய்கிறார் என்று நினைக்க எவ்வளவோ ஆசைப்பட்டேன்.

"அந்த டேப்பைப் பிரிச்சிடும்மா" என்றார் மாமா.