பெரியம்மாவின் வலது கால்

என் பெரியம்மாவின் வலது காலுக்குச் சொந்த புத்தி உண்டு. டிவியில் ஒரு கார் கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், சோபாவில் உட்கார்ந்தபடியே அந்தக் கால் தரையை ஓங்கி மிதிக்கும். பல் டாக்டர் நாற்காலியில் மிதிக்கும். லிஃப்ட் இறங்கும்போது மிதிக்கும். தூக்கத்தில் ஒருமுறை மிதித்ததில் பெரியப்பா கட்டிலை விட்டு உருண்டுபோய்த் தரையில் கண் விழித்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் பெரியம்மாவின் தொழில். அந்த வண்டியில் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் பெரியம்மாவுக்கு இன்னொரு பிரேக். பாதி ஊர் அவரிடம்தான் ஸ்டீயரிங் பிடித்தது. கணக்கு வாத்தியார் ஒருவர் கண்ணாடியைப் பார்க்கக்கூட அனுமதி கேட்பாராம்: "மேடம், இப்ப பின்னாடி பாக்கலாமா மேடம்?" பாட்டு டீச்சர் ஒருவர் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ரோட்டிடமே "சாரி, சாரி" என்பாராம். எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர், பிரேக் மேடம்.

ஊருக்கே சொல்லிக்கொடுத்தவருக்குப் பெற்ற மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை. லைசன்ஸ் டெஸ்ட் அன்றைக்கு, "நீ மட்டும் வந்துடாதம்மா" என்று அக்கா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டுதான் போனாள். பெரியம்மா போனார். ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தும் நின்றார். எங்கேயோ ஒரு நாய் ரோட்டைத் தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கம்பம் கத்தியது: "பிரேக்!"

அக்காவின் கால் பழக்கதோஷத்தில் மிதித்தது. பக்கத்தில் இருந்த அதிகாரியின் நெற்றி கண்ணாடியில் போய் முட்டியது. ஃபெயில்.

"என் கால் என் பேச்சைக் கேக்குதா, உன் பேச்சைக் கேக்குதான்னு எனக்கே தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் வீட்டுப் படி ஏறவில்லை. அங்கேயே வேறு யாரிடமோ கற்றுக்கொண்டாள், லைசன்ஸ் வாங்கினாள், பழைய கார் ஒன்றும் வாங்கினாள். போன வாரம்தான் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நானே ஓட்டிட்டு வரேன். வழியில உன்கிட்டேருந்து ஒரே ஒரு போன் வந்தாலும் சரி, அங்கேயே வண்டியத் திருப்பிடுவேன். அப்புறம் நீ அழுதாலும் வர மாட்டேன்."

சொன்னால் செய்பவள் அவள்.

ஞாயிறு காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் போன் அரிசி டப்பாவுக்குள் போய், வெளியே வந்து, பீரோ உச்சிக்கு ஏறி, மறுபடியும் பெரியம்மா கைக்கே வந்திருந்தது.

"அடியே கிளி, வந்தியா! இந்தக் கை சும்மா இருந்தா போன் பண்ணிடும்டி. இதுக்கு ஏதாவது வேலை குடு." கேட்ட குரலை எல்லாம் அப்படியே பேசிக் காட்டுவதால் அந்த வீட்டில் எனக்குக் கிளி என்று பெயர்.

"மார்ஷ்மெல்லோ செய்யலாம் பெரியம்மா. அக்காவுக்குப் பிடிக்கும். கை ரெண்டும் ஒட்டிக்கும். போனைத் தொட முடியாது."

"புளிப்பாப் பண்ணலாமா? அவ புளிப்புக்கு உசுரை விடுவா."

"எலுமிச்சை, ஆரஞ்சு ரெண்டும் போடலாம்."

பழத்தின் மேல்தோலைத் துருவ உட்கார்ந்தார். "மஞ்சத்தோல் மட்டும் பெரியம்மா, உள்ள இருக்கற வெள்ளை வந்தா கசக்கும்" என்றேன். ஒவ்வொரு துருவலுக்கும் ஒரு கேள்வி. "இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பாளா?" சரக். "டீ குடிக்க நிறுத்தினாளா?" சரக். "அந்த லாரிக்காரனுங்க..." சரக், சரக், சரக்.

சாற்றைப் பிழிந்து, ஜெலட்டின் தூளை அதில் ஊறப் போட்டேன்.

"இது ஏன் சும்மா கிடக்கு?"

"ஊறுது பெரியம்மா."

"நான் கிண்டி விடட்டுமா?"

பெரியப்பா மருந்துக்கடை வைத்திருப்பவர். எதைச் சொன்னாலும் சீட்டில் எழுதிக் கொடுப்பதுபோலவே சொல்வார். பேப்பரை இறக்காமல் சொன்னார்: "கவலை ஒரு வேளைக்கு ஒண்ணு போதும். சாப்பாட்டுக்குப் பின். நீ வெறும் வயித்துல முழு அட்டையையும் முழுங்கற."

"உங்களுக்கென்ன! பெத்தது நான்தானே!"

"கூட நானும் நின்னேன்."

அடுப்பில் சர்க்கரைப் பாகு கொதித்தது. ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டேன். மெத்தென்று உருண்டது, பதம் சரி. பெரியம்மா கையில் கலவை அடிக்கும் மின்சார பீட்டர். ஒன்று முதல் ஐந்து வரை அதற்கு வேகம் உண்டு. பெரியம்மா அதையும் மாணவராகவே சேர்த்துக்கொண்டார். "முதல் கியர்... அவசரப்படாதே... ம், இப்ப ரெண்டாவது... அப்படித்தான் கண்ணு." ஊறிய ஜெலட்டினில் நான் பாகை ஒரே நூலாக ஊற்றினேன். முழுதும் விட்டாயிற்று. சூடும் தணிந்தது, கலவை வெளுத்து, பளபளத்து எழும்ப ஆரம்பித்தது.

அப்போது போன் 'டிங்' என்றது.

பீட்டர் ஒரே தாவலில் ஐந்தாவது கியருக்குப் போனது. சுவரில் ஒரு கோடு, பெரியப்பா படித்துக்கொண்டிருந்த தலைப்புச் செய்தியில் ஒரு பொட்டு, என் புருவத்தில் கொஞ்சம். ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் ஒரு பெரிய கட்டி தொப்பென்று விழுந்தது.

"யாருடி? அவளா?"

"மெத்தைக் கடை பெரியம்மா. தள்ளுபடியாம்."

"நாசமாப் போறவன், நல்ல நேரம் பாத்தான்!"

தரையைத் துடைக்கக் குனிந்தேன். "அது கிடக்கட்டும்டி, இதைக் கவனி!" என்று இழுத்தார். பஞ்சுபோல ஆனதும் துருவிய தோலைச் சேர்த்தோம். கரண்டியால் வழித்தால் பெரியம்மாவுக்குப் பொறுமை போதாது, இரண்டு கையையும் உள்ளே விட்டு வழித்துத் தட்டில் தள்ளினார். மணிக்கட்டு வரை வெள்ளைக் கையுறை.

"எண்ணெய் தடவினா வந்துடும்" என்றார் பெரியப்பா. "வெளி உபயோகத்துக்கு மட்டும்."

"வேண்டாம். ஒட்டியே இருக்கட்டும். கழுவினா கை அங்கதான் போகும்."

சொல்லிவிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு போனை நோக்கி நகர்ந்தார்.

"பெரியம்மா!"

"கூப்பிடலடி. எங்க இருக்கான்னு மட்டும் மூக்கால..."

போனைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஆற வேண்டும், இறுக வேண்டும். தட்டைத் தொடாமல் மணிக்கணக்கில் விட வேண்டும் என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நடந்தார். வீட்டுச் செருப்பு சப்சப்பென்று அடிக்க வந்து ஒரு விரலால் குத்தினார். "இறுகலியே." மறுபடி நடந்தார். "இன்னும் இறுகலியே." மார்ஷ்மெல்லோவில் அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகக் குழி. தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்தால் வலது கால் தரையை மிதித்தது. மதியச் சாப்பாட்டை நான்தான் ஊட்டிவிட்டேன், அதையும் நடந்துகொண்டே சாப்பிட்டார்.

வெயில் சாயத் தொடங்கியபோது என் பைக்குள் போன் அடித்தது. அக்கா.

"எடுடி!" என்றார். உடனே, "எடுக்காதே!" என்று அலறினார். "ஓட்டிக்கிட்டே பேசறாளோ என்னவோ. வண்டி ஓட்டறப்ப போன் எடுக்கக் கூடாது. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்!"

"போனை எடுக்கறது நாம பெரியம்மா. ஓட்டறது அவ."

"எடுத்தா அவ பேசுவாளே! ஆனா வண்டி ரிப்பேராகி நின்னிருந்தா? ஐயோ, என்னங்க, நீங்க சொல்லுங்களேன்!"

"நிக்குதா ஓடுதான்னு எடுத்தாத்தானே தெரியும்" என்றார் பெரியப்பா.

போன் நின்றுவிட்டது. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடி அடித்தது. யாரையும் கேட்காமல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"கிளியா? வண்டிய நிறுத்திட்டுத்தான் பேசறேன்னு முதல்ல அம்மாகிட்ட சொல்லு."

பெரியம்மா போனைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினார்.

"எங்கக்கா இருக்க?"

"நம்ம தெரு முனையில. ரொம்ப நேரமா இங்கயே நிக்கறேன்." அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இவ்வளவு தூரம் வந்துட்டேன்டி, இந்தத் தெருவுக்குள்ள திரும்ப முடியல. வாசல்ல ரெண்டு வண்டிக்கு நடுவுலதான் இடம் இருக்கு, ரிவர்ஸ்ல போடணும். அம்மா ஜன்னல்ல நிப்பா. அவ முகத்தைப் பாத்தா என் கால் தானா பிரேக்குக்குப் போயிடும். அவ ஜன்னல்கிட்ட வராம இருந்தா வரேன். இல்லேன்னா இப்படியே திரும்பறேன்."

"அம்மா கேட்டுட்டுதான் இருக்காங்க."

"தெரியும். மூச்சுவிடற சத்தம் கேக்குது."

பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி போய் நின்றார். வெள்ளைக் கைகள் இரண்டும் மேலே. போலீஸ் சுற்றி வளைத்த திருடன் மாதிரியே இருந்தார்.

"ஃப்ரிட்ஜைப் பாத்துட்டு நிக்கறாங்கக்கா. வா."

தெருவில் கார் சத்தம். தாண்டிப் போனது. நின்றது. ரிவர்ஸ் கியர் முனகியது. பெரியம்மாவின் வலது கால் அழுந்தியது. கார் திரும்ப முன்னால் போனது. மறுபடி பின்னால். எதிர்வீட்டுக்காரர் குரல்: "வரட்டும்... வரட்டும்... ரைட்ல ஒடிங்க... வரட்டும்..."

"யாரு அவன்?" என்று பெரியம்மா ஃப்ரிட்ஜிடம் கிசுகிசுத்தார். "ஓட்டறவளைப் போட்டுக் குழப்பறான்!"

பெரியப்பா முதல்முறையாகப் பேப்பரை இறக்கி அவரைப் பார்த்தார்.

'டொக்' என்று ஒரு சத்தம். சக்கரம் நடைபாதை விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும். பெரியம்மாவின் வாய் திறந்தது. திறந்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கையில் இருந்தது உதட்டிலும் ஒட்டியது. இனி நினைத்தாலும் கத்த முடியாது.

இன்ஜின் அணைந்தது. அப்புறம், அவர் காத்துக்கொண்டிருந்த அந்தச் சத்தம், 'க்ரிக்'. ஹேண்ட் பிரேக். பெரியம்மாவின் தோள் இரண்டும் இறங்கின.

வாசலில் அக்கா. முகமெல்லாம் வேர்வை, கையில் சாவி. பெரியம்மா திரும்பினார், ஓடப் பார்த்தார், முடியவில்லை. வலது கால் நகர மறுத்தது. தரையில் விழுந்த அந்தக் கட்டி செருப்புக்கு அடியில் நன்றாக இறுகியிருந்தது. ஒரு இழு இழுத்தார். கால் வந்தது, செருப்பு ஃப்ரிட்ஜ் முன்னாலேயே நின்றது.

அக்கா செருப்பைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு வந்து நின்ற அம்மாவையும், அவர் வாயைச் சுற்றி இருந்த வெள்ளை மீசையையும் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தாள்.

"உண்மையச் சொல்லும்மா. நான் வண்டி போடறப்ப எத்தனை தடவை பிரேக் அடிச்ச?"

பெரியம்மா உதட்டைப் பிரித்தெடுத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரே தடவைதான்டி. அப்புறம் காலை எடுக்கவே முடியல."