கூடத்துச் சுவரில் ஒரு கொள்ளுப்பாட்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒற்றைத் தறியில் ஆரம்பித்து இன்று பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறேன். திருத்தணியில் மாடி வீடு கட்டினேன். கூடத்து ஜன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரியும். ஒரே குறை, சுவரில் மாட்ட முன்னோர் படம் இல்லை. தறிக்காரனை யார் உட்காரவைத்துப் படம் எழுதினார்கள்?

சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு பெண்ணின் ஓவியம் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தது, நூற்றைம்பது வருஷமாவது இருக்கும் என்றான் கடைக்காரன். நான் முகத்தையா பார்த்தேன்? புடவையைப் பார்த்தேன். கரை முழுக்க வரிசையாகக் கோபுரம். வாங்கிவந்து மாட்டி, கொள்ளுப்பாட்டி என்று சொல்லிவிட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மகளைப் பெண் பார்க்க நகரியிலிருந்து வந்தார்கள். அவர்களும் நெசவுக் குடும்பம்தான். மகளுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தச் சம்பந்தம் தவறினால் என் முகத்தில் விழிக்கமாட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க வம்சத்துலயே மொத மொத கையெழுத்து போட்டவன் நான்தாங்க" என்றேன் பெருமையாக.

பையனின் அம்மா காபியை வைத்துவிட்டுப் படத்தின் எதிரில் போய் நின்றார்.

"யாருண்ணா இவங்க?"

"எங்க கொள்ளுப்பாட்டி."

"ஆங்... மடியில பொஸ்தகம் வெச்சிகினு கீறாங்களே?"

"சும்மா பொம்மை பாப்பாங்க" என்றேன்.

"மடிசார் கட்டிகினா? அய்யர் வூட்டம்மா மாதிரி கீது. கையப் பாருங்க, ஒரு நாளாவது தார் சுத்துன கையாண்ணா அது?"

நூல் சுற்றிக் காய்த்த தன் விரல்களைப் படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "படத்துலயே பொய்யின்னா, பொண்ணப் பத்தி சொன்னது?"

கதவோரம் மகள் முறைத்த முறைப்பில் உண்மை தானாக வெளியே வந்தது.

"தங்கச்சி, அந்தம்மா யாருன்னே தெரியாது. கடையில வாங்கினேன். ஆனா அந்தப் புடவைய நெய்ஞ்சவன் நம்மாளு. அவன எவனும் படம் எழுதல. அதான் மாட்டி வெச்சேன்."

அவர் கரையை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"கோபுரம் ஒண்ணுகூட சாயலியே! நகரிக் கைதான் இது. அப்போ நெய்ஞ்சவரு எங்க கொள்ளுத்தாத்தா. பொண்ணு கூடவே இந்தப் படத்தையும் அனுப்பிடுங்கண்ணா."

அனுப்பினேன். இப்போது நகரியில் சம்பந்தியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க கொள்ளுத்தாத்தா நெய்ஞ்சது" என்று காட்டுகிறாராம். பொய் சொல்ல என்ன தைரியம் பாருங்கள்.

காலியான ஆணியில் என் படத்தை மாட்டியிருக்கிறேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்தது. மடியில் ஒரு தடிப் புத்தகம்.