பழைய இரும்புக்குப் போன கப்பல்

பதினேழு வயதில் எனக்குப் பிரித்தானியக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல் ஒன்றின் மேல் பைத்தியம். கடலுக்கடியில் எதிரி கட்டிவைத்த வெடிகளை அகற்றுவதுதான் அதன் வேலை. பின்னால் ஒரு நீண்ட இரும்பு வடத்தை இழுத்துக்கொண்டு போகும். வெடியைப் பிடித்திருக்கும் கம்பியை வடம் அறுக்கும். வெடி மேலே மிதந்ததும் தளத்தில் நிற்பவர்கள் துவக்கால் சுடுவார்கள். பிறகு திரும்பி வந்து மறுபடியும் அதே வேலை. போர்க்காலம் முழுக்க இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இப்படியே போய்வந்துவிட்டு, ஜெர்மனி சரணடைந்ததும் நோர்வேக்கு வந்து எங்கள் ஒஸ்லோ நகரின் கடற்கழியான ஃபியோர்டையும் துப்புரவாக்கியது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அந்த வருடப் பேச்சுப் போட்டியின் தலைப்பு ‘நான் வியந்த வரலாறு’. எனக்கென்றே வைத்தது போலிருந்தது. எழுதிக் கொண்டுபோனேன். ரீச்சர் சிவப்புப் பேனையை எடுத்தார்.

“உது எத்தினை எதிரிக் கப்பலைக் கடலுக்குள்ள தாட்டது, பிள்ளை?”

“ஒண்டும் இல்லை, ரீச்சர்.”

“அப்ப என்னதான் செய்தது?”

“கண்ணி வாரினது.”

“சரி, கடைசியில?”

“பழைய இரும்புக்கு வித்துப்போட்டினம்.”

ரீச்சர் பேனையைக் கீழே வைத்தார். “உதை மேடையில சொல்லேலாது. சனம் எழும்பிப் போயிடும்.”

அடுத்த சனிக்கிழமை என் பேச்சு திரும்பி வந்தபோது கப்பல் மூழ்கியிருந்தது. அலைகள் சீறின, வானம் அழுதது, மாலுமிகள் கடலன்னையின் மடியில் கண்ணயர்ந்தார்கள். எந்த மாலுமிகள்? நான் தேடிப் படித்தவரையில் அந்தக் கப்பலில் ஒருவரும் சாகவில்லை. சமையற்காரருக்குக் கை வெந்ததுதான் ஆகப் பெரிய காயம். ஓர் உயிரும் போகாமல் ஒரு போரைக் கடந்து வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று இவர்களுக்கு, அதுவும் ஒரு போருக்குத் தப்பி ஓடிவந்த இவர்களுக்கு, நான் விளக்கவேண்டியிருந்தது.

“ஒரு வரிதானே, சொல்லிவிடன்” என்றார் அம்மா.

“அது பொய், அம்மா.”

“பேச்சுப் போட்டியில பொய் எண்டு ஒண்டு இருக்கோ?”

திருத்தியதைப் பாடமாக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன் என்றார் ரீச்சர். தலையாட்டினேன். மேடையில் என்னுடைய முடிவைத்தான் சொல்வது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு மண்டபத்தில் விழா. அப்பா முன்வரிசையில் வீடியோக் கமராவோடு இருந்தார். ஒலிவாங்கி கீச்சிட்டு அடங்கியதும் பேசினேன். “கடைசியில் அந்தக் கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். அது துப்புரவாக்கிய வழியால் வந்த கப்பல்கள் கரை சேர்ந்தன” என்று முடித்தேன். ரீச்சர் நிலத்தைப் பார்த்தார். கைதட்டல் மரியாதைக்கு வந்தது. எனக்கு அது போதும். கப்பலைக் காப்பாற்றிவிட்டேன்.

பிறகு பரிசளிப்பு. அறிவிப்பாளராக நின்ற அண்ணாவின் கையில் ரீச்சர் எழுதிக் கொடுத்த குறிப்பு. “இரண்டாம் பரிசு, தன்னுயிர் ஈந்து கடலோடு கலந்த வீரக் கப்பலைப் பற்றி உரையாற்றிய தங்கை!”

மண்டபம் அதிர்ந்தது. எனக்கு அப்படி யாரும் அதற்கு முன்பு கைதட்டியதில்லை.

“அண்ணா, அந்தக் கப்பல் கடலுக்குள்ள தாழேல்லை” என்றேன் மேடையிலேயே.

“ஓம், ஓம், பிறகு கதைப்பம்.” கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு அடுத்த நடனத்தை அறிவிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சுரங்க ரயிலில் அப்பா கிண்ணத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தார். என் பேச்சை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படம்பிடித்தவர் அவர்.

“பாவம், நல்ல கப்பல்” என்றார். “எந்த இடத்தில கடலுக்குள்ள தாண்டது, பிள்ளை?”