பதினேழு காயங்கள்

ஹெல்மெட்டின் முதல் அடி சுரேந்தரின் வாயில் விழுந்தது. இரண்டாவது, காதோரம். கோழிக்குழம்புச் சட்டி உருண்டு சமையலறைத் தரையெல்லாம் சிவந்தது. அடித்தவன் மாதவன், சுரேந்தருடைய மனைவி மாதேஸ்வரியின் அண்ணன். சிங்காரப்பேட்டையிலிருந்து கெலவரப்பள்ளி அணை சாலையிலிருக்கும் அந்த வாடகை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து இறங்கியவன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எந்தங்கச்சி ஒடம்ப பாத்தியாடா? மாட்ட அடிச்சாக்கூட இப்படிக் கன்னாதுடா!"

"மச்சான், நான் தொடவேயில்ல மச்சான்..."

"ஏழு வருசம் முன்னாடி திருவிழாவுல ஊரு பாக்க அறைஞ்சியே, அதுவும் நீ தொடலையா?"

சுரேந்தர் அன்று அறைந்தது உண்மை. அதனால்தான் இன்றைய உண்மையை நம்ப ஆளில்லை.

மாதேஸ்வரிக்கு முப்பத்தெட்டு வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, எட்டு மணி நேரமும் நின்றபடி. சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. ஐந்து வருடம் முன்பு பெங்களூரில் நெஞ்சைப் பிளந்து செயற்கை வால்வு வைத்தார்கள். பக்கத்தில் நின்றால் டிக் டிக் என்று கேட்கும். கம்பெனியில் அவள் பெயர் 'கடியாரம்'.

"ஏ கடியாரம், சாப்பாட்டுக்கு இன்னும் எத்தினி நிமிசம்டி?"

"ஒன் வாய மூடுனா சீக்கிரம் வரும்."

வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை, மாதாமாதம் இரத்தப் பரிசோதனை. கடந்த மாதம் ஓவர்டைம். பரிசோதனைக்குப் போகவில்லை.

மூன்று வாரமாக உடம்பில் காயங்கள். அட்டைப்பெட்டி உரசினால் நீலம், பஸ் கம்பியில் இடித்தால் கறுப்பு, பல் துலக்கினால் இரத்தம். யூனிஃபார்ம் மாற்றும்போது அவள் முதுகைப் பார்த்த, கூட வேலை பார்க்கும் சரிதா சிங்காரப்பேட்டைக்காரி. மாதவனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மூன்றாவது அடிக்கு ஹெல்மெட் உயர்ந்தபோது மாதேஸ்வரி குறுக்கே பாய்ந்தாள். "அண்ணா, அவரு அடிக்கல, வுடு!"

"நவுருடி!"

ஒரே தள்ளுதான். கிரைண்டர் விளிம்பில் அவள் தலை மோதியது. விரல்நகம் அளவுக்குத்தான் வெட்டு. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. இரண்டு துண்டு நனைந்தது, மூன்றாவதும் நனைந்தது. பத்தே நிமிடத்தில் அவள் வாந்தியெடுத்தாள், பேச்சு குழறியது. அடித்தவனும் அடிபட்டவனும் சேர்ந்து தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

தலைக்குள் இரத்தக்கசிவு என்று ஸ்கேன் காட்டியது. டாக்டர் இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சுரேந்தரிடம் திரும்பினார்.

"ரத்தம் கட்டவே மாட்டேங்குது. மாத்திரைய ஜாஸ்தி போட்டுட்டாங்களா?"

"இல்ல சார். நான்தான் டெய்லி எடுத்துக் குடுக்கறேன்."

"வேற மாத்திரை?"

"ஒண்ணுமில்ல சார்."

அது பொய்யில்லை. போன பரிசோதனையில் நர்ஸ் கேட்டபோது மாதேஸ்வரியும் அதையேதான் சொன்னாள். அவள் சாப்பிட்டது மாத்திரை இல்லை.

டாக்டர் விடவில்லை. "மாத்திரைய விடுங்க. கஷாயம், லேகியம், பொடி?"

வாசலில் நின்ற மாதவன் தொண்டையைச் செருமினான். "மூட்டுவலின்னு அழுவுச்சி சார். சந்தையில பொடி வாங்கி நான்தான் அனுப்பிக்கினு இருந்தேன், ரெண்டு மாசமா. வெறும் மூலிகை சார், அது என்னா பண்ணிடும்?"

"வேலை செய்யும்னுதானே வாங்குனீங்க?"

சுரேந்தர் வீட்டுக்கு ஓடி அந்தப் பாட்டிலை எடுத்து வந்தான். அதில் லேபிள் இல்லை. டாக்டர் முகர்ந்தார். "பூண்டு, மஞ்சள், சுக்கு தெரியுது. வலி மாத்திரைய அரைச்சுக் கலந்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ரத்த மாத்திரையோட இதெல்லாம் ரெண்டு மாசம் சேர்ந்தா, கை பட்டாலே கன்னிப்போகும். தலையில அடிபட்டா கேக்கவே வேணாம்."

வராந்தாவில் சுரேந்தர், உடைந்த பல்லைத் துப்பிவிட்டு, மாதவனின் முகத்தில் குத்தினான். மறுபடியும் குத்தினான். மாதவன் கையைத் தூக்கவில்லை. வாட்ச்மேன் வந்துதான் விலக்கினார்.

இரத்தத்தை உறைய வைக்க ஊசி, பிளாஸ்மா. அதிகமாக உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். குறைவாக உறைந்தால் மூளை. இந்த இரண்டு சாவுக்கும் நடுவில் அவள் மூன்று நாள் கிடந்தாள். நான்காம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

ஆறாம் நாள் வாக்குமூலம் வாங்க ஒரு பெண் போலீஸ் வந்தார். கட்டிலின் இந்தப் பக்கம் புருசன், அந்தப் பக்கம் அண்ணன், இருவர் முகமும் வீங்கியிருந்தது.

"ஒடம்புல பதினேழு காயம்னு டாக்டர் எழுதியிருக்காரு. யாரும்மா அடிச்சது?"

"தலையில இருக்கறது எங்க அண்ணன் தள்ளுனது. எழுதிக்கோங்க."

மாதவன் தலை குனிந்தான்.

"மீதி பதினாறு?"

"யாரும் அடிக்கல. அது பொடி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்தாளு அடிச்சது ஏழு வருசம் முன்னாடி, கன்னத்துல. அது இந்தப் பதினேழுல இல்ல. அதையும் எழுதுங்க."

"பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

"அன்னிக்கு யாரும் எழுதல. அதான்."

சுரேந்தர் வாயைத் திறந்தான், உதட்டில் போட்டிருந்த தையல் இழுத்தது, மூடிக்கொண்டான். பெண் போலீஸ் தாளைத் திருப்பி, எழுதினார்.