தடை பூச்சியத்துக்கு இறங்கிய நாள்

பரீனா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னபோது பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பின் மருதமுனையில் ஜனாஸா நல்லடக்கம். பாண்டிருப்பிலிருந்து எனக்கு அது அடுத்த ஊர்தான். பள்ளிவாசல் மதிலோரம் எங்கள் மாணவர்கள் நின்றார்கள். ஒருவரையொருவர் இடைமறித்து, அவருடைய பரிசோதனைகளைப் பற்றி வேகவேகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவரை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது.

அவர் பௌதிகவியல் விரிவுரையாளர், நான் இரசாயனவியல். ஒருநாள் என் அறைக்கு வந்து, இரும்பையும் தெலூரியத்தையும் சேர்த்து உருக்கித் தர முடியுமா என்று கேட்டார். அந்தச் சேர்மத்தில் இரும்பணுக்கள் குட்டிக் காந்தங்களாக எதிரெதிரே வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசை இறுகியிருக்கும்வரை மீகடத்துகை, அதாவது மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுவது, தலைகாட்டாது. தெலூரியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அதைவிடச் சிறிய கந்தகத்தை வைத்தால் வரிசை குலையும்.

“காந்தம் மீகடத்திக்குப் பகை எண்டுதானே படிச்சம் சேர்,” என்றார். “அந்தப் பகைக்குப் பக்கத்திலதான் அது ஒளிச்சிரிக்கு.”

காற்றகற்றிய குவார்ட்ஸ் குழாயில் உருக்கினோம். மீகடத்துகை தெரிவது கடுங்குளிரில்தான்; அந்தக் குளிரில் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அவருடன் படித்த ஒருவரின் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு மாதிரிகளை அனுப்பினோம். காந்த வரிசை குலைந்திருந்தது, ஆனால் தடை விழவில்லை. திரும்பத் திரும்ப அதே பதில். இந்த ஆய்வு எங்களுக்கு எதற்கு என்று துறைக் கூட்டத்தில் கேட்டுவிட்டார்கள். இன்னும் ஒரேயொரு முறை அனுப்பலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலையிலேயே பரீனா விடையோடு வந்தார். மாதிரியின் அணுப் படலங்களுக்கு இடையில் கூடுதல் இரும்பு சிக்கிக் கிடக்கிறது, அதன் காந்தம்தான் காரியத்தைக் கெடுக்கிறது. வெளிநாட்டில் இத்தகைய மாதிரியை வைனில் சூடாக்கி அந்த இரும்பை இழுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

“நமக்கு வைன் என்னத்துக்கு? அமிலம்தானே வேலை செய்யிது. தேசிக்காய் பிழிவம்.”

தேசிக்காயில் உள்ள சித்திரிக் அமிலம் நம்மிடம் போத்தலிலேயே இருக்கிறது என்றேன். அப்படியானால் இரண்டிலும் பார்ப்போம் என்றார். கல்முனைச் சந்தையில் தேசிக்காய் வாங்கி வந்து, பிழிந்து வடித்து, மாதிரியை அதில் இளஞ்சூட்டில் வைத்தார். பின்னர் சாற்றில் ஒரு துளி எடுத்து இரும்புக்குச் சோதித்தேன். துளி சிவந்தது, இரும்பு சாற்றுக்குள் இறங்கியிருந்தது. அவர் மேசையில் தட்டிச் சிரித்த சத்தத்துக்கு அடுத்த வகுப்பிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கடைசி முறையாக அனுப்பிய அந்த மாதிரிகளின் முடிவு வந்த நேரம் அவருக்கு இருதய நோய் முற்றியிருந்தது. படி ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனாலும் மேல்மாடியிலிருந்த என் அறை வாசலில் மூச்சுவாங்க நின்று கைத்தொலைபேசியை நீட்டினார். வரைபில் கோடு செங்குத்தாக விழுந்து கிடந்தது.

“பூச்சியம், சேர்.”

“எது, சித்திரிக்கா?”

“ரெண்டும். அல்ஹம்துலில்லாஹ்.”

அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கந்தகத்தோடு செலீனியத்தையும் வைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். முதலில் ஓய்வெடுங்கள் மிஸ் என்றேன்.

“நான் படுத்துத்தானே இரிக்கன். நீங்க எப்ப உருக்கப்போறீங்க?”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அவசரத்தை. செலீனியம் சேர்த்த மாதிரி இப்போது உலையில் இருக்கிறது. குழாய் ஆறுமுன்னே உடைத்துப் பார்க்கக் கை துடிக்கிறது.