கொழும்புத்துறையில் ஒரு வெள்ளி ஐயனார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, போரில் இறந்த இரண்டு பேரின் பதக்கங்களைத் தேடி நீர்வேலிக்கும் கொழும்புத்துறைக்கும் போய்வந்தேன். வெள்ளைக்காரர் காலத்து உலகப் போர்களில் இறந்த எங்களூர்க்காரரின் பதக்கங்களை வாங்கிச் சேர்த்து, யாழ்ப்பாணத்தில் ஒரு அறையில் வைக்க வேண்டும் என்பது வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் ஆசை. வீடு வீடாகப் போய்க் கேட்பது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான் என்பதால், அம்மா இதை ‘ஆராய்ச்சி’ என்று அயலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில், தெரியாத வீட்டுப் படலையைத் தட்டுவதற்கு முன் நான் இரண்டு தரமாவது அதைக் கடந்து போவேன். இதுவரை ஒரு பதக்கமும் சேரவில்லை. இந்த முறையும் வெறுங்கை என்றால் நிறுத்திவிடுவோம் என்று வெளிநாட்டில் இருப்பவர் எழுதியிருந்தார்.

காலை ஏழரைக்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் ஓட்டோ பிடித்தேன். நீர்வேலிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர், எழுநூறு ரூபா.

“ஆர் வீட்டுக்குத் தங்கச்சி?” என்றார் ஓட்டோக்காரர்.

“பழைய பதக்கம் ஒண்டு பாக்கப் போறன் அண்ணை.”

“தங்கம் விக்கிற விலையிலை நீரும் துணிஞ்ச ஆள்தான்.”

எங்கள் பக்கத்தில் பதக்கம் என்றால் முதலில் சங்கிலியில் தொங்குவதுதான். அதே சிக்கல் நீர்வேலியிலும் வந்தது. வாழைத்தோட்டத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அன்ரி, “நாங்கள் நகை விக்கிறேல்லை பிள்ளை” என்று திரும்பிக்கொண்டார்.

“நகையில்லை அன்ரி. சண்டையிலை செத்த ஆக்களுக்குக் குடுத்தது.”

கத்தி நின்றது. “எந்தச் சண்டை?”

“பழசு. வெள்ளைக்காரன்ரை.”

“அப்ப சரி. உதிலை இருந்து தண்ணி குடி.”

பதக்கம் இருந்ததாம். “இடம்பெயரேக்கை போத்திலுக்கை போட்டு, ஒரு மரத்தடியிலை கிடங்கு வெட்டித் தாட்டது. திரும்பி வந்து பாத்தா, அந்த மரத்தையே காணேல்லை” என்று சிரித்தார். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் தந்தார். அந்த வெயிலில் அது ஒரு சீப்பாக இல்லை, ஒரு குலையாகக் கனத்தது.

பருத்தித்துறை வீதியில் பட்டணத்துக்கு பஸ். இருக்க இடமில்லை. பட்டணத்தில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். கொழும்புத்துறையில் இறங்கும்போது நல்ல மத்தியானம். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை, கருவாட்டு மணம் மட்டும். திரும்பிப் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

அங்கே நான் தேடிப் போனவரின் பெயர் சின்னத்தம்பி. முதல் உலகப் போரில் ஆங்கிலேயரின் ஆற்றுப் படகுகளில் வேலைக்குப் போய், ஈராக்கின் பஸ்ராவில் இறந்தவர். இறந்தவர்களின் பதிவில் அவர் பெயரும் ஊரும் இருந்தன. அவருடைய தமையனின் பேரன் வீட்டுச் சாமியறையில் ராசா தலை போட்ட பெரிய வெள்ளிக் காசு ஒன்று இருப்பதாகக் கூடப்படித்த தோழி விசாரித்துச் சொல்லியிருந்தாள்.

பேரன் மார்க்கண்டு அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வயது அறுபது இருக்கும். மனைவி தவமலர் அக்கா என்னைச் சாமியறைக்குக் கூட்டிப்போனார். “உது காசில்லை, பிள்ளை. உது எங்கடை ஐயனார்.”

ராசா தலை சுவர்ப் பக்கம் இருந்தது. எங்களைப் பார்த்திருந்த பக்கத்தில் குதிரைமேல் வாளோடு ஒரு வீரன். அந்தப் பதக்கத்தில் அவனுக்கு உடுப்பில்லை என்பது எனக்குத் தெரியும். இங்கே சந்தனத்தால் வேட்டி கட்டியிருந்தார்கள். மார்க்கண்டு அண்ணை அதைக் கும்பிடாமல் தொழிலுக்குப் போவதில்லையாம்.

பெயர் பொறித்திருக்கும் ஓரத்தைத் துடைத்துப் பார்க்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். கேட்டதும் அக்காவே ஈரச்சீலையால் துடைத்தார். ஆங்கில எழுத்தில் பெயர் தெரிந்தது. ‘சின்னத்தம்பி’ என்று உரத்து வாசித்தேன்.

வாசலில் நின்ற மார்க்கண்டு அண்ணை, “அந்தப் பேரை இந்த வீட்டிலை சொல்லுறேல்லை” என்றார்.

“ஏன் அண்ணை?”

“அப்பப்பான்ரை தம்பி. தாயைத் தவிக்க விட்டிட்டு ரங்கூனிலை குடும்பமா இருந்திட்டார் எண்டுதான் கதை. ஆடி அமாவாசையிலை, எங்கடை குடும்பத்திலை செத்த எல்லாற்றை பேரும் சொல்லுவம். உவற்றை பேரை விட்டிடுவம்.”

அவர் ரங்கூனுக்குப் போகவில்லை, பஸ்ராவில் இறந்தார் என்று சொன்னேன். பதிவைப் போனில் காட்டினேன். பதக்கம் தபாலில் வந்த காலத்தில் ஓரத்தை வாசிக்க அந்த வீட்டில் ஆளில்லை. குதிரையைக் கண்டார்கள், கும்பிட்டார்கள்.

“தாய் ஏசி ஏசியே செத்தவவாம்” என்றார் அண்ணை. பிறகு, “அப்ப இவ்வளவு காலமும் ஆரைக் கும்பிட்டனாங்கள்?”

“இரண்டு பேரையும்தான். நட்டமில்லை” என்றார் அக்கா.

விற்பார்களா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். நான் வாயைத் திறக்குமுன் அக்காவே சொன்னார்: “ஐயனாரைக் கேளாதை பிள்ளை. பேரைக் கொண்டு போ.” பிறகு கேட்டார்: “அவர் செத்தது என்ன திதி?”

என்னிடம் ஆங்கிலத் தேதி மட்டும் இருந்தது. போனில் பழைய பஞ்சாங்கம் தேடினேன், இன்ரநெற் இழுத்தடித்தது. அண்ணை வலையை மறந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். தேய்பிறைச் சப்தமி என்று வந்ததும் கலண்டரை இறக்கி, அவர் இறந்த மாதத்துத் தேய்பிறைச் சப்தமியைச் சுற்றி வட்டம் போட்டார். வாழைப்பழச் சீப்பை நான் ஐயனாருக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

அங்கே எடுத்த படங்களை வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்பினேன். வேலை நின்றுவிட்டது. அவர்மேல் குறையில்லை, அவர் கேட்டது பதக்கம்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பதக்கம் என்று கேட்காதீர்கள், ‘பட்டாளத்து மெடல்’ என்று கேளுங்கள். எந்தச் சண்டை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொழும்புத்துறைக்கு மத்தியானத்தில் போகாதீர்கள். இறந்த நாள் தெரிந்தால், திதியைப் பார்த்து வைத்துக்கொண்டு படலையைத் தட்டுங்கள். நீங்கள் எதைக் கேட்டுப் போனாலும், அவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.